பெரிய கப்பலும் நான்காம் விதியும்

கண்ணு சுமதி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பகல் தபாலில் வந்தது. மின்வெட்டுக்காகத் தொழிற்சாலையில் எங்கள் ஷாப்புக்கு வார விடுமுறையைச் செவ்வாய்க்கு மாற்றியிருப்பதால் நான் வீட்டில் இருந்தேன். உறையைக் கிழிக்கும்போதே எனக்குள் ஒரு திருப்தி. நாம் நால்வரும் மறுபடி அந்தமான் போவதற்கும் பெரிய கப்பல்தான் வேண்டும் என்று நான் ஐந்து பக்கம் எழுதி, எடைக் கணக்கும் படமும் போட்டு அனுப்பியதற்கு உன்னால் மறுமொழி சொல்ல முடிந்திருக்காது, ஒப்புக்கொண்டு எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். நீ வழக்கம்போல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். நானும் வழக்கம்போல் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டேன். அதற்கு அகராதி தேவைப்படவில்லை. எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். அந்தமானுக்குப் போனபோதும் வந்தபோதும் அம்மா நடுக்கடலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாய்.

தெரியாது. பதினோரு வருஷமாக எனக்குத் தெரியாது. அந்தப் பத்தியை நான்கு தடவை படித்தேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மறுபடி படித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் எங்கோ ஒரு நட்டு கழன்று உள்ளே விழுந்த சத்தம் கேட்டால் என் கை தானாக சுவிட்சுக்குப் போகும். அன்றைக்கு எந்த சுவிட்சுக்குக் கை போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியைக் குடியிருப்புத் தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். காரணம் பின்னால் வரும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

எங்களைப் போன்ற மத்திய அரசுத் தொழிற்சாலைக்காரர்களுக்கு நான்கு வருஷத்துக்கு ஒருமுறை எல்.டி.சி. என்ற பயணச் சலுகை உண்டு. குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் போய்வரலாம். சலுகை எப்படியும் கிடைக்கிறது, இருப்பதிலேயே தூரமான இடத்துக்குப் போக வேண்டும் என்பது ஹைதராபாத்தில் எங்கள் பாலாநகர் குடியிருப்பில் எழுதாத சட்டம். காஷ்மீருக்குப் போனவன் கன்னியாகுமரிக்குப் போனவனைப் பார்த்துச் சிரிப்பான். அந்த இருவரையும் பார்த்துச் சிரிக்க வேண்டுமானால் அந்தமான்தான். உனக்குப் பன்னிரண்டு வயதானபோது நான் அந்தமான் என்று முடிவு செய்தேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்த மாதம் இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று பெரியது, மற்றது அதில் பாதிகூட இல்லை.

உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "ஏனுங்க, நாலு பக்கமும் தண்ணியாவே இருக்குமாமே, நெசமாலுமா? கரையே தெரியாதாமா?" சேலத்துப் பக்கம் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி நேராக ஹைதராபாத்துக்கு வந்தவள் அவள். ஹுசேன் சாகர் ஏரியைப் பார்த்தாலே கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும். "நெசந்தான். மூணு நாளும் அப்படித்தான்" என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் வந்தாள் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது எனக்கு வேறு கவலை. ஸ்ரீசைலம் மலைப்பாதையில் பஸ் மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் வாந்தி எடுக்கிறவள், மூன்று நாள் கடலில் என்ன ஆவாள்?

நான் பள்ளிக்கூடம் எட்டோடு நிறுத்தியவன். மெட்டுகுடாவில் ரயில்வேயில் இருந்த என் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கி, ஹெல்ப்பராகச் சேர்ந்து, பழைய புத்தகக் கடையில் புத்தகம் வாங்கிப் படித்து, ஆட்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் ஆனவன். மெஷின் அதிர்ந்தால் அடித்தளத்தின் எடையைக் கூட்டு என்பது நானாகக் கற்றுக்கொண்ட பாடம். அதையே கப்பலுக்கும் பொருத்தினேன். எடை கூடினால் ஆட்டம் குறையும், ஆகவே பெரிய கப்பல். கப்பல் கம்பெனிக்குக் கடிதம் எழுதி நீளம் அகலம் கேட்டு வாங்கினேன். கால்பந்து மைதானத்தில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் பெரிய கப்பலை முழு அளவில் வரைந்தேன். அதன் மூக்கு மைதானத்தைத் தாண்டி ரேஷன் கடை வாசலில் போய் நின்றது. குடியிருப்பே வந்து பார்த்தது. ஸ்டோர்ஸ் காதர் பாய் மட்டும் உள்ளே நடந்து பார்த்துவிட்டு, "க்யா பாய், ஜஹாஜ் படா ஹோ யா சோட்டா, நீச்சே பானி தோ ஓயிச் ஹை நா?" என்றார். கப்பல் பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன, கீழே இருப்பது அதே தண்ணீர்தானே என்று. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை என் ஐந்து பக்கக் கடிதத்தில் நான் எழுதவில்லை. அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய ஃபோர்மேன் பதவியில், பட்டம் வாங்கி வந்த ஒரு சின்ன வயது இன்ஜினியரை உட்கார வைத்தார்கள். அவர் ஏற்கெனவே அந்தமான் போய்வந்தவர். மைதானத்துக்கு வந்து, "சார்ஜ்மேன் காரு, குடும்பத்தோடு போறீங்க. சின்னக் கப்பல்ல போங்க. எங்க உக்காந்தாலும் சமுத்திரம் தெரியும். பெருசுல மலிவு டிக்கெட்டு, பங்க் கிளாஸ்னா அடியில போட்டுடுவாங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் சொன்னார் என்பதற்காகவே அன்று மாலை பெரிய கப்பலுக்கு விண்ணப்பத்தை அனுப்பினேன். எடைக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு எனக்குத் தேவைப்பட்டது கப்பலுக்காக மட்டுமல்ல.

விதிகளுக்கு வருகிறேன். அதற்கு முந்தைய எல்.டி.சி.யில் டெல்லிக்குப் போனோம். நாக்பூர் தாண்டி எங்கோ எங்கள் டிரங்குப் பெட்டி காணாமல் போனது. காவலுக்கு விழித்திருக்கச் சொன்ன அம்மா கண்ணயர்ந்துவிட்டாள். ரயில் பெட்டியில் இருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் அவளைத் திட்டினேன். என்ன வார்த்தைகள் என்று இங்கே எழுத மாட்டேன். உனக்கு நினைவிருக்கும். நீ மேல் பர்த்தில் போர்வைக்குள் போனது எனக்கு நினைவிருக்கிறது. அதனால் அந்தமானுக்கு முன் 'பயண விதிகள்' என்று ஒரு தாள் தயாரித்தேன். ஆபீஸ் டைப்பிஸ்ட் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்துக் கொடுத்தார். நான்காம் விதி: சாமான்களின் அருகில் குடும்பத்தில் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும். தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மாவுக்கு நானே தமிழில் படித்துச் சொன்னேன். நானும் நீயும் அவளும் மாறி மாறி என்பது என் எண்ணம். ஷாப்பில் ஷிஃப்ட் என்றால் ஆள் மாற்றிவிடுவார்கள் என்பதைத் தனியாக எழுதத் தேவையில்லை, அதுபோல. ஆனால் ஷிஃப்ட் பட்டியலில் பெயர் போட வேண்டிய சார்ஜ்மேன் நான். நான் போடவில்லை.

கப்பலின் வயிற்றில் எங்கள் இடம். இரும்புக் கட்டில்கள் இரண்டடுக்காக வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. மேல்தளத்துக்கு நான்கு இரும்பு ஏணிப்படிகள். நீயும் நானும் காலையில் மேலே போனால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவோம். முதல் நாள் நீ என் கையை உதறிவிட்டு, "அப்பா, தேக்கோ, மீன் உட்ரா!" என்று கத்தினாய். மீன் பறக்கிறதென்று. நிஜமாகவே பறந்தது, வெள்ளித் தகடு வெட்டி எறிந்தாற்போல. இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னோம். பெட்டிமேல் உட்கார்ந்து புளிச்சோறு எடுத்து வைத்தபடி, "அப்புறம்?" என்றாள். "தண்ணி என்ன நெறம்?" என்றாள். கறுப்பு கலந்த நீலம் என்றேன். "நம்ம ஸ்கூட்டர் மாதிரியா?" என்றாள். அதைவிடக் கறுப்பு என்றேன். பிற்பகலில் நான் கட்டிலில் தூங்கும் இரண்டு மணி நேரத்தில் நீ அவளை மேலே அழைத்துப் போகிறாய் என்று நான் நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன், கேட்கவில்லை.

இரண்டாம் நாள் நடந்ததாக நீ எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் தூங்கும்போது உன்னைப் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டு அவள் தனியாகப் படியேறினாளாம். எந்தப் படி எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஏதோ கதவைத் திறந்ததும், இது கேபின்காரர்கள் பக்கம், உங்கள் வழி அந்தக் கோடியில் என்று ஒருவன் இந்தியில் விரட்டினானாம். அந்தக் கோடியைத் தேடிப் போய், இஞ்சின் சத்தம் கேட்கும் இடம், சமையல்கட்டு, சாத்திய கதவுகள் என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றியிருக்கிறாள். கடைசியில் கப்பல் சிப்பந்தி ஒருவர் கொண்டுவந்து விட்டார். புடவை முந்தானையில் கிரீஸ். "அப்பாகிட்ட சொல்லிப்போடாத கண்ணு, பொட்டியப் போட்டுட்டுப் போனேன்னு சத்தம் போடுவாரு" என்றாளாம். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. நான் தூங்கும்போது உன்னை அந்நியர் நடுவில் விட்டதை நினைத்துப் பயந்திருப்பாள். திரும்பி வரும்போது காற்றும் மழையும். மேல்தளக் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். ஆக, போக மூன்று நாள், வர மூன்று நாள். அவள் தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து போய், தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து வந்தாள்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் நீ வாயை மூடிக்கொண்டது சரி. இருபத்துமூன்று வயதுவரை? வருஷா வருஷம் விருந்தாளிகளிடம் நான் பெரிய கப்பலின் பெருமை பேசும்போது நீ தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாயே, அப்போதெல்லாம் இது உன் மனதில் இருந்ததா? பெற்றவனை இத்தனை நாள் ஒரு பொய்மேல் உட்கார வைத்தது எந்த நியாயத்தில் சேர்த்தி? இதற்கு நீ பதில் எழுத வேண்டும். தமிழில் எழுது. தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி திமிங்கலம். அந்த இரண்டாம் நாள் மாலை நான் கீழே வந்தபோது அம்மா வழக்கம்போல், "இன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்றாள். அன்று நான் ஒன்றும் பார்க்கவில்லை. வெயில், தண்ணீர், அவ்வளவுதான். தூரத்தில் அலைக்கு நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று எழும்பி அமிழ்ந்தது. அலையின் நிழலாகவே இருக்கலாம். இவ்வளவு பெரிய கப்பலைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. "திமிங்கலம்" என்றேன். ஊர் திரும்பியபின் எதிர்வீட்டு சரோஜம்மாவிடம் உன் அம்மா சொல்வதைக் கேட்டேன். "திமிங்கலம் பாத்தோமுங்க. முதுகு மட்டுமே நம்ம ஃபாக்டரி பஸ்ஸு நீளம் இருந்துது." நான் நீளம் சொல்லவே இல்லை! அப்படியானால் அவளும் பார்த்திருக்கிறாள், நான் கண்டது நிஜமாகவே திமிங்கலம்தான் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'வங்கக் கடலில் ஒரு திமிங்கலம்' என்று மன்றத்து மலரில் கட்டுரை எழுதினேன். பஸ் நீளத்தையும் சேர்த்தேன். சைக்ளோஸ்டைலில் வந்தது. பொய் அச்சில் ஏறியதால் திருத்தமும் அச்சில் ஏற வேண்டும். மன்றத்துக்குப் பிரதி கொடுப்பது அதற்காகத்தான்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கப்பல்ல நீ மேல வரவே இல்லியா?"

"எந்தக் கப்பல்ல?"

"நாம போனது ஒரே கப்பல்தான்."

"அதாச்சு பதினோரு வருசம். இப்ப எதுக்குங்க அது? சுமதி எழுதிப்போட்டாளா?" தலை நிமிரவில்லை. "அவ வாயில ஒண்ணு நிக்காது."

"திமிங்கலம் பாத்தேன்னு ஊரெல்லாம் சொன்னியே."

"நீங்க பாத்தீங்கல்லங்க. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான்."

"நான் பாக்கல" என்றேன்.

கை நின்றது. முறத்தைக் கீழே வைத்தாள். "பாக்கலீங்களா?"

"இல்ல."

"பஸ்ஸு நீளம்னு எழுதினீங்களே!"

"அது நீ சொன்னது."

"அய்யோ சாமி, நான் சும்மா அடிச்சு விட்டதுங்க! திமிங்கலம்னா எவ்வளவு பெருசுன்னு சரோஜம்மா கேட்டாங்க, நான் என்னத்தச் சொல்லுவேன்?" சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். "சரிதான் போங்க. அம்மாம் பெரிய கப்பல்ல போயி யாருமே ஒண்ணும் பாக்கல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணு. பதினோரு வருஷம் என் வாயிலிருந்து போனது அவள் வாயிலிருந்து திரும்பி வந்ததை நான் சாட்சி என்று நம்பியிருக்கிறேன். கறுப்பு கலந்த நீலம், பறக்கும் மீன், வெள்ளித் தகடு என்று அவள் கடலைப் பற்றிச் சொன்ன அத்தனையும் நான் சொன்னவை. அந்த பஸ் நீளத்தை விட்டால் அவளுடைய சொல் ஒன்றே ஒன்றுதான், நாலு பக்கமும் தண்ணீர். அதைக் கப்பலேறுவதற்கு முன்பு சொன்னாள், வந்தபிறகு சொல்லவே இல்லை. அது எனக்கு உறைக்கவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னாக் கப்பலத் திருப்பியிருப்பீங்களா?" முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "கடல் எப்படி இருக்குதுன்னு வந்து வந்து சொன்னீங்க. நீ பாத்தியான்னு ஒருக்காக் கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் மைதானத்துக்குக் கயிறும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். அம்மாவைக் கூட்டி வந்து நடுவில் நிறுத்தி, இந்தத் தடவை நீதான் சொல்ல வேண்டும் என்றேன். சின்னது ஆடும், உனக்கு வாந்தி வரும், நான் அதை மறைக்கப் போவதில்லை என்றும் சொன்னேன். "வந்தா வருது. வாந்தி எடுத்துப்போட்டுப் பாக்கக் கூடாதா?" என்றாள். பிறகு சின்னக் கப்பலின் கோட்டுக்குள் போய் இங்குமங்கும் நடந்தாள். "நாம படுக்கறது எங்க? மேல போற படி எங்க? எத்தன படி?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, சுமதி. இரண்டு கப்பலின் நீளம், அகலம், எடை, வேகம் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. கம்பெனிக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் படியைப் பற்றி நான் கேட்கவில்லை. சுண்ணாம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எந்த இடத்தில் படியை வரைவது?

அதனால் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு வேலை சொல்கிறேன். சென்னையிலேயே இருக்கிறீர்கள், துறைமுகத்துக் கப்பல் ஆபீசுக்கு நேரில் போங்கள். கப்பலின் அளவைக் கேட்க வேண்டாம். அம்மாவின் படுக்கையிலிருந்து தண்ணீர் தெரியும் இடத்துக்கு எத்தனை படி, வழியில் எத்தனை கதவு, எதையாவது பூட்டுவார்களா என்று கேளுங்கள். எந்தக் கப்பலில் அது குறைவோ அதில் நான்கு இடம். சின்னதுதான் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இன்ஜினியர் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஆகட்டும். ஆனால் எடை கூடினால் ஆட்டம் குறையும் என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது சரியான கணக்கு. யாருக்காகப் போட்டேன் என்பதில்தான் பிசகு.

நீயும் என் மகள். உனக்கும் விதி போடும் புத்தி உண்டு, பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பட்டியல் ஒட்டியிருக்கிறாய். ஒட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நேரே இதை யார் செய்வது, எத்தனை நேரம், யார் வந்து மாற்றிவிடுவது என்று எழுது. எழுதாத இடத்தில், வீட்டில் எதிர்த்துப் பேசாதவர் யாரோ அவர் பெயர் தானாக விழுந்துவிடும்.

அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகிறேன். இது எங்கள் கடைசி எல்.டி.சி. பழைய தாளைத் தேடி எடுத்தேன், கார்பன் மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. மற்ற விதிகளில் மாற்றமில்லை. நான்காம் விதிக்கு நேரே பேனாவால் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், போக மூன்று நாள், வர மூன்று நாள். நீயோ மாப்பிள்ளையோ என்னை மாற்றிவிட வரவேண்டாம். வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன், என் குணம் உனக்குத் தெரியும். நான் கீழே பெட்டிமேல் உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா மேலேயிருந்து இறங்கி வரும்போது, இன்னிக்கு என்ன பாத்தே என்று கேட்பேன். அவள் என்ன சொன்னாலும், பஸ் நீளத்துக்கு ஒரு திமிங்கலம் என்றே சொன்னாலும், ஊர் திரும்பி நானும் பார்த்தேன் என்று எல்லாரிடமும் சொல்வேன்.

உன் அப்பா